கிணற்றின் வடிவம் மாறினால் ஆற்றல் மட்டங்களின் இடைவெளி ஏன் இப்படி மாறுகிறது?

நிரல்காரி கேட்டது:

மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இயற்பியலைப் பள்ளியோடு விட்டவள். எட்டு மாதமாக இரவுகளில் குவாண்டம் இயக்கவியலை நானாகவே படித்துக்கொண்டிருக்கிறேன். சமன்பாட்டை வெறுமனே பார்த்தால் எனக்கு மனதில் நிற்பதில்லை. நிரல் எழுதி, எண்கள் கண்முன் வந்து விழுந்தால்தான் நிற்கும். அதனால் பைத்தானில் ஒன்று எழுதினேன். 12 நானோமீட்டர் நீளமுள்ள கோட்டை 0.005 நானோமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஸ்ரோடிங்கர் சமன்பாட்டை ஏறத்தாழ 2400 வரிசை கொண்ட அணியாக்கி, ஐகன் மதிப்புகளை, அதாவது துகளுக்கு வாய்க்கும் ஆற்றல் மட்டங்களைக் கண்டுபிடிக்கிறது. துகள் எப்போதும் எலெக்ட்ரான்தான். கிணற்றின், அதாவது அதை அடைத்து வைக்கும் ஆற்றல் பள்ளத்தின், வடிவத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறேன்.

முதலில் 1 நானோமீட்டர் அகலப் பெட்டி, ஏறவே முடியாத சுவர்கள். மட்டங்கள் 0.376, 1.504, 3.384 எலெக்ட்ரான் வோல்ட். பாடப்புத்தகச் சூத்திரம் சொல்வதும் இதையேதான். மேலே போகப்போக இடைவெளி பெரிதாகிறது: 1.128, பிறகு 1.880.

அடுத்தது சுருள்வில் கிணறு, அதாவது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் பரவளையம். 0.15, 0.45, 0.75 என்று படிக்கட்டு மாதிரி ஒரே சீராக வந்தது.

மூன்றாவது, நேர்கோட்டுச் சுவர்களால் ஆன கூம்புக் கிணறு. நடுவிலிருந்து இரு பக்கமும் நானோமீட்டருக்கு 1 எலெக்ட்ரான் வோல்ட் வீதம் ஏறுகிறது. மட்டங்கள் 0.343, 0.787, 1.093, 1.376, 1.622, 1.858. இங்கே இடைவெளி குறைந்துகொண்டே போகிறது: 0.444, 0.306, 0.283, 0.246, 0.236.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரூபணம் இருக்கிறது. படித்தேன், வரிக்கு வரி புரிகிறது. ஒன்றில் விரிகிறது, ஒன்றில் சீராக நிற்கிறது, ஒன்றில் நெருங்குகிறது. இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரே காரணம் இருக்கிறதா என்பதுதான் புரியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். பெட்டியின் சுவரை 1 எலெக்ட்ரான் வோல்ட் உயரத்தோடு நிறுத்தினேன். முடிவிலிச் சுவர் இருந்தபோது இரண்டாம் மட்டம் 1.504-ல் இருந்தது, அது இப்போதைய சுவரைவிட உயரம். ஆகவே ஒரே ஒரு மட்டம்தான் மிஞ்சும் என்று நினைத்தேன். நிரலோ இரண்டு தருகிறது: 0.191, 0.703. நிரலில் பிழையா?

கடைசியாக, இதே கிணறு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் தடுப்பு வைத்தேன். தடுப்பு 1 நானோமீட்டர் என்றால் அடிமட்டம் இரண்டாகப் பிளந்து, 0.0019 எலெக்ட்ரான் வோல்ட் வித்தியாசத்தில் இரட்டையாக வருகிறது. அலைச்சார்பு, அதாவது எலெக்ட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்று சொல்லும் அலை, இரு கிணற்றிலும் சரிபாதி. தடுப்பை 6 நானோமீட்டராக்கியதும் இரண்டு மட்டமும் அச்சிட்ட அத்தனை இலக்கத்திலும் ஒன்றாகிவிட்டன. அலைச்சார்பு முழுக்க இடப்பக்கக் கிணற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. கிணறுகள் இரண்டும் ஒரே மாதிரிதானே, இடப்பக்கத்துக்கு மட்டும் என்ன விசேஷம்?

அகச்சிவப்பு எழுதியது:

முப்பது வருடத்துக்கு மேல் அகச்சிவப்பு நிறமாலைக் கருவியோடு பழகியவன் நான். வேலையில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் இதே கேள்வி என்னையும் குடைந்தது. உங்கள் எண்களைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதத் தோன்றிவிட்டது.

ஒரே காரணம் இருக்கிறது. அதைப் பிடிக்க, கொஞ்ச நேரம் அலையை மறந்துவிட்டுப் பந்தை நினையுங்கள். நியூட்டன் காலத்துப் பந்து. அதே கிணற்றில், அதே ஆற்றலோடு, சுவருக்குச் சுவர் போய்வருகிறது. வினாடிக்கு எத்தனை முறை போய்வருகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணைப் பிளாங்க் மாறிலியால் பெருக்கினால் வருவதுதான் அந்த உயரத்தில் மட்டங்களுக்கு நடுவேயுள்ள இடைவெளி.

இதை வைத்து உங்கள் மூன்று கிணறுகளையும் பாருங்கள்.

பெட்டியில் ஆற்றல் கூடினால் பந்துக்கு வேகம் கூடும். ஓட வேண்டிய தூரம் மட்டும் அதே 1 நானோமீட்டர். ஆகவே வினாடிக்குப் போய்வரும் எண்ணிக்கை கூடுகிறது, இடைவெளி விரிகிறது. சுருள்வில்லில் வேகமும் கூடுகிறது, தூரமும் அதே விகிதத்தில் கூடுகிறது. சிறிதாக ஆட்டினாலும் பெரிதாக ஆட்டினாலும் அலைவுக் காலம் மாறாது என்று பள்ளியில் தனிச்சீரிசை இயக்கத்தில் படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிதான் குவாண்டத்தில் சீரான படிக்கட்டாக வந்து நிற்கிறது. கூம்பில் சுவர் சாய்வாக விலகிக்கொண்டே போவதால் தூரம் வேகத்தை முந்திவிடுகிறது. மேலே ஏறிய பந்து திரும்பி வர நேரம் எடுக்கிறது, இடைவெளி நெருங்குகிறது.

வாய்வார்த்தையாக விட வேண்டாம், கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் கூம்பில் ஐந்தாம் மட்டமும் ஆறாம் மட்டமும் 1.622, 1.858. நடுவில் 1.74 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆற்றல் உள்ள எலெக்ட்ரான் பந்து உங்கள் கூம்பில் வினாடிக்குச் சுமார் 56 லட்சம் கோடி தடவை போய்வரும். பிளாங்க் மாறிலியால் பெருக்கினால் 0.232 எலெக்ட்ரான் வோல்ட். உங்கள் நிரல் சொன்னது 0.236. கீழே வந்து முதல் இரண்டு மட்டத்துக்கு இதையே செய்தால் 0.408 வரும், உங்களுக்குக் கிடைத்தது 0.444. அடியில் கொஞ்சம் தடுமாறும், மேலே போகப்போக ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் மட்டும், இரண்டு மட்டத்தின் வேகங்களுக்கும் சராசரி எடுத்துப் போட்டால், முதல் படியிலேயே 1.128 அச்சு அசலாக வந்துவிடும்.

இது எதற்காகப் பொருந்த வேண்டும்? அடுத்தடுத்த இரண்டு நிலைகளைக் கலந்து ஒரு அலைச்சார்பு செய்தால், அந்த மேகம் கிணற்றுக்குள் இப்படியும் அப்படியும் சாயும். அது சாய்கிற அதிர்வெண், இரு மட்டங்களின் வித்தியாசத்தைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தது. மேல்மட்டங்களுக்குப் போனால் அந்தச் சாய்வு பந்தின் ஓட்டமாகவே மாற வேண்டும், இல்லாவிட்டால் நம் கண்முன் இருக்கும் உலகம் எங்கிருந்து வரும்? நீல்ஸ் போர் 1913-ல் ஹைட்ரஜனுக்குக் கணக்குப் போட்டபோதே இந்தப் பிடியை வைத்திருந்தார். ஸ்ரோடிங்கர் சமன்பாடு வருவதற்கு 13 வருடம் முன்பு!

ஹைட்ரஜனும் ஒரு கிணறுதான். உள்ளே குறுகி, வாய்ப்பக்கம் எல்லையில்லாமல் விரிந்த கிணறு. அதனால்தான் அதன் மட்டங்கள் மேலே அப்படி அடர்ந்துபோகின்றன. விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயுவில் 110-ஆம் மட்டத்திலிருந்து 109-க்கு எலெக்ட்ரான் இறங்கும்போது வரும் ரேடியோ அலையை வானியலாளர்கள் 1965-ல் பிடித்தார்கள். அதிர்வெண் 5.009 கிகாஹெர்ட்ஸ். கோள் மாதிரி எலெக்ட்ரான் சுற்றுகிறது என்று வைத்து இரு மட்டங்களுக்கும் நடுவே உள்ள சுற்றுப்பாதைக்குக் கணக்குப் போட்டால் 5.01. இந்த இரண்டு எண்களையும் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

என் தொழிலில் இது தினசரி வேலை. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் குழாயில் அடைத்து நிறமாலை எடுத்தால், அதன் அதிர்வின் முதல் படி சென்டிமீட்டருக்கு 2886 அலை என்ற இடத்தில் விழும். சுத்தமான சுருள்வில்லாக இருந்தால் இரண்டு படி சேர்த்து 5772-ல் விழ வேண்டும். விழுவதோ 5668-ல். அதாவது இரண்டாம் படி 2782 மட்டுமே. காரணம், மூலக்கூறின் கிணறு பரவளையம் அல்ல. அணுக்கள் நெருங்குகிற பக்கம் சுவர் செங்குத்து. விலகுகிற பக்கம் சுவர் தளர்ந்து சாய்ந்து, கடைசியில் தட்டையாகி, பிணைப்பே அறுந்துவிடும். தளர்ந்த பக்கம் ஆட்டம் நீளுகிறது, நேரம் கூடுகிறது, படி குறுகுகிறது. படிகள் எவ்வளவு வேகமாகக் குறுகுகின்றன என்று அளந்தால், கிணற்றின் ஆழம் எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிடலாம். கிணற்றுக்குள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. படிகளை அளந்துதான் சுவர் எப்படி இருக்கிறது என்று வரைகிறோம்.

உங்கள் இரண்டாவது சந்தேகத்தை என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். இரட்டைக் கிணற்றுக்கு நான் திரும்ப வருகிறேன், அதில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

கருவினை எழுதியது:

இரண்டாவது சந்தேகத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நிரலில் பிழை இல்லை, 0.191-உம் 0.703-உம் சரி.

முடிவிலிச் சுவரில் அலை விளிம்பிலேயே பூச்சியமாகிவிட வேண்டும், அப்படி ஒரு கட்டாயம். சுவரைத் தாழ்த்தியதும் அந்தக் கட்டாயம் போய்விடுகிறது. அலை சுவருக்குள் நுழைந்து மெல்லத் தேய்கிறது. உங்கள் அடிநிலைக்கு அந்தத் தேய்வுத் தூரம் 0.22 நானோமீட்டர், இரண்டாம் நிலைக்கு 0.36. அலைக்குக் கிடைத்த இடம் அதிகம், ஆகவே வளைவு குறைவு, ஆகவே ஆற்றல் குறைவு. அடிநிலையில் எலெக்ட்ரானைச் சுவருக்குள், அதாவது பந்து ஒருபோதும் போக முடியாத இடத்தில், காணும் நிகழ்தகவு 5.8 சதவீதம். இரண்டாம் நிலையில் 29 சதவீதம். விளிம்புக்கு அருகில் போகப்போக துகள் பாதி வெளியே வாழ ஆரம்பித்துவிடுகிறது.

எத்தனை மட்டம் மிஞ்சும் என்பதற்குக் கச்சிதமான கணக்கு ஒன்று உண்டு. முடிவிலிப் பெட்டியின் மட்டங்களில் எத்தனை உங்கள் சுவர் உயரத்துக்குக் கீழே இருக்கின்றன என்று எண்ணி, ஒன்றைக் கூட்டுங்கள். உங்களுக்கு 0.376 ஒன்றுதான் 1-க்குக் கீழே. ஒன்றும் ஒன்றும் இரண்டு. சுவரை 0.376-க்கும் கீழே இறக்கிப் பாருங்கள், இரண்டாம் மட்டம் மறைந்துவிடும். முதல் மட்டத்தை மட்டும் எவ்வளவு இறக்கினாலும் ஒழிக்க முடியாது. ஒற்றைப் பரிமாணத்தில், ஆழமே இல்லாத மாதிரி தோன்றும் கிணறும் ஒரு நிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை. ஏனென்றால் முப்பரிமாணத்தில் இந்தச் சலுகை கிடையாது. கோள வடிவக் கிணற்றில் ஆரத்திசை அலை மையத்தில் பூச்சியத்திலிருந்து கிளம்பியாக வேண்டும். அது உங்கள் பெட்டியின் நடுவில் கணு (அலை பூச்சியமாகும் புள்ளி) உள்ள அந்த இரண்டாம் நிலையேதான், பாதியாக வெட்டியது. எனவே 0.5 நானோமீட்டர் ஆரமும் 1 எலெக்ட்ரான் வோல்ட் ஆழமும் உள்ள கோளத்தில் எலெக்ட்ரானின் அடிமட்டம் 0.703. ஆழம் 0.376-க்குக் கீழே போனால் அந்தக் கோளம் எதையும் பிடிக்காது, எலெக்ட்ரான் போய்விடும்.

நான் அணுக்கரு இயற்பியல்காரன், எனக்கு இது வெறும் பயிற்சிக் கணக்கு இல்லை. ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்ரான் அந்த விளிம்பில் நிற்கிறது. அவற்றுக்கு இடையிலுள்ள கிணறு பல பத்து மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆழம். பிணைப்பாற்றலோ வெறும் 2.22 மில்லியன். பிணைப்புள்ள நிலை ஒன்றே ஒன்று, கிளர்வு நிலை கிடையாது. அலையின் தேய்வுத் தூரம் 4.3 ஃபெம்டோமீட்டர், விசையின் எல்லையோ சுமார் 2. பாதிக்கு மேற்பட்ட நேரம் அவை இரண்டும் விசை எட்டாத தூரத்தில் இருக்கின்றன. அப்படியும் ஒன்றாக இருக்கின்றன. கிணறு இன்னும் கொஞ்சம் மேலோட்டமாக இருந்திருந்தால் டியூட்ரானே இல்லை. சூரியன் ஹைட்ரஜனை எரிக்கும்போது முதல் படியாக உருவாவது டியூட்ரான்தான். உங்கள் 0.703 மட்டத்தைப் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

நிரல்காரி எழுதியது:

இருவருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனமில்லை. நேற்று இரவு 2 மணி வரை உட்கார்ந்துவிட்டேன்.

அகச்சிவப்பு சார், நீங்கள் சொன்ன பந்தை வைத்து ஒரு சோதனை செய்தேன். தூரத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும் கிணறு. சுருள்வில்லைவிடச் செங்குத்து, பெட்டியைவிடத் தளர்வு. நிரலை ஓட்டுவதற்கு முன்பே, இடைவெளி விரியும், ஆனால் பெட்டி அளவுக்கு வேகமாக விரியாது என்று காகிதத்தில் எழுதி வைத்தேன். அப்படியே வந்தது. எட்டு மாதத்தில் விடையை முன்கூட்டியே சொல்ல முடிந்தது இதுவே முதல் தடவை.

கருவினை, சுவரை 0.38-ல் நிறுத்தினேன், இரண்டு மட்டம். 0.37-ல் நிறுத்தினேன், ஒன்றுதான். 0.38-ல் அந்த இரண்டாம் மட்டத்தின் அலைச்சார்பு என் 12 நானோமீட்டர் கோடு முழுக்கப் பரவி, ஓரத்தில் போய் முட்டியது. கோட்டை நீளமாக்கித்தான் அதைச் சரியாகப் பார்க்க முடிந்தது. நீங்கள் சொன்ன டியூட்ரான் மாதிரியே வெளியே வாழ்கிறது!

இரட்டைக் கிணறு மட்டும் பாக்கி. 2 நானோமீட்டர் தடுப்புக்கு வித்தியாசம் 0.000019 வந்தது. 1 நானோமீட்டருக்கு வந்ததில் நூறில் ஒரு பங்கு.

அகச்சிவப்பு எழுதியது:

முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைத்தீர்கள் பாருங்கள், அதைப் படித்து மனம் நிறைந்தது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

இரட்டைக் கிணற்றுக்கு வருகிறேன். உங்கள் நூறில் ஒரு பங்கு தற்செயல் அல்ல. அடிநிலை அலை தடுப்புக்குள் 0.217 நானோமீட்டருக்கு ஒரு தரம் 2.718-ல் ஒரு பங்காகத் தேய்கிறது. 1 நானோமீட்டர் கடந்தால் நூறில் ஒரு பங்கு மிச்சம். ஒரு கிணற்றின் வால் மறு கிணற்றை எவ்வளவு தொடுகிறதோ அவ்வளவுதான் பிளவு. தடுப்பை ஒவ்வொரு நானோமீட்டர் கூட்டும்போதும் பிளவு நூறில் ஒன்றாகும். 6 நானோமீட்டருக்குக் கணக்குப் போட்டால், ஒரு எலெக்ட்ரான் வோல்ட்டை லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கின் ஐந்தில் ஒன்றுகூட வராது.

இப்போது உங்கள் அணியைப் பாருங்கள். 0.005 நானோமீட்டர் துண்டு என்றால் அணியின் மூலைவிட்டத்தில் இருக்கும் எண்கள் 3000 எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியவை. கணினி 16 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆக, கணக்கின் உதறலே அந்த லட்சம் கோடியில் ஒரு பங்கில் பாதிக்கு மேல். பிளவு அந்த உதறலுக்குள் மூழ்கிவிட்டது. கணினியைப் பொறுத்தவரை இரண்டு நிலையும் ஒரே ஆற்றல். ஒரே ஆற்றலுள்ள இரண்டு நிலைகளை எந்த விகிதத்தில் கலந்தாலும் அதுவும் விடைதான். இடப்பக்கம் என்பது, இலக்க வெட்டில் விழுந்த ஏதோ ஒரு தூசி தள்ளிவிட்ட பக்கம். வேறு கணினியில் ஓட்டினால் வலப்பக்கம் விழலாம்.

ஆனால் இதை வெறும் கணினிக் கோளாறு என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இயற்கையிலும் நடப்பது இதுதான். எலெக்ட்ரானை இடப்பக்கக் கிணற்றில் வைத்து விட்டுவிட்டால், உங்கள் 1 நானோமீட்டர் தடுப்பைத் தாண்டி வலப்பக்கம் போக ஒரு பிகோ வினாடி ஆகும். 6 நானோமீட்டர் என்றால் 11 மில்லி வினாடி. தடுப்பு ஆறு மடங்கு தடித்ததற்கு ஆயிரம் கோடி மடங்கு காலதாமதம். இன்னும் சில நானோமீட்டர் கூட்டினால் மணிக்கணக்கு, ஆண்டுக்கணக்கு என்று போய்விடும். அப்போது அது இடப்பக்க எலெக்ட்ரான் என்று சொல்வதில் தவறே இல்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அம்மோனியா. மூன்று ஹைட்ரஜன் ஒரு தளத்தில், நைட்ரஜன் அதற்கு மேலே. நைட்ரஜன் கீழே போனாலும் அதே மூலக்கூறு, அதே ஆற்றல். நடுவில் கால் எலெக்ட்ரான் வோல்ட் உயரத் தடுப்பு. அடிமட்டத்தின் பிளவு 24 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது, அலைநீளம் 1.25 சென்டிமீட்டர். இந்த உறிஞ்சலை 1934-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிளீட்டனும் வில்லியம்ஸும் அளந்தார்கள். 20 வருடம் கழித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டவுன்ஸ் குழு இதே பிளவை வைத்து நுண்ணலையைப் பெருக்கும் கருவியான மேசரை முதன்முதலாக ஓட்டியது. லேசருக்கு முன்னோடி. அம்மோனியா தலைகீழாகப் புரளும் அந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்து அத்தனையும் கிளம்பியது.

ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் போட்டால் என்ன ஆகும்? கிணறு மாறாது, தடுப்பு மாறாது, ஓடும் நிறை மட்டும் கூடும். பிளவு 24-லிருந்து 1.6 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 15-ல் ஒரு பங்கு! ஹைட்ரஜனின் நிறை இரட்டித்தால் சாதாரண அதிர்வு சுமார் 1.4 மடங்குக்குள்தான் குறையும். ஆனால் தடுப்பைத் துளைக்கும் வேலையில் நிறை அடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, அதனால்தான் இப்படிச் சரிகிறது. என் கருவியில் தெரிந்த இன்னொன்று: அம்மோனியாவின் அந்தக் குடை மடக்கும் அதிர்வை ஒரு படி மேலே கிளப்பினால், சென்டிமீட்டருக்கு 0.8 அலையாக இருந்த பிளவு 36-ஐ ஒட்டிப் போய்விடுகிறது. தடுப்பின் உச்சிக்கு அருகில் போனால் துளைப்பது அவ்வளவு சுலபம்.

ஒன்று செய்து பாருங்கள். வலப்பக்கக் கிணற்றின் அடியை 0.0001 எலெக்ட்ரான் வோல்ட் மட்டும் தாழ்த்துங்கள். 1 நானோமீட்டர் தடுப்பிலும் 2 நானோமீட்டர் தடுப்பிலும் அடிநிலை எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். முதலில் காகிதத்தில்.

தெறிப்பு எழுதியது:

நுழைவதற்கு மன்னிக்கவும். அகச்சிவப்பு சொன்ன பந்துக் கணக்கு எலெக்ட்ரானோடு நின்றுவிடவில்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிரான்ஸின் கிரெனோபிளில் லாவே-லாஞ்செவின் ஆய்வகத்தில், மிக மெதுவான நியூட்ரான்களைக் கண்ணாடித் தளத்தின் மேல் குதிக்க விட்டார்கள். முடிவு 2002-ல் வெளியானது. கீழே தளம் செங்குத்துச் சுவர், மேலே பூமியின் ஈர்ப்பு சாய்ந்த சுவர். நிரல்காரியின் கூம்பில் பாதி. தளத்துக்கு மேலே நியூட்ரானை உறிஞ்சும் தகடு ஒன்றை வைத்து மெல்ல உயர்த்தினார்கள். சுமார் 15 மைக்ரோமீட்டர் வரை எதுவும் கடந்து வரவில்லை. அதற்கு மேல்தான் வர ஆரம்பித்தது. பந்தாக இருந்தால் எவ்வளவு தாழ்ந்த இடுக்கிலும் கொஞ்சம் கடந்திருக்கும். நியூட்ரானின் அடிநிலைக்கு 13.7 மைக்ரோமீட்டர் உயரம் தேவை, அடுத்ததற்கு 24. ஆற்றல்கள் 1.4, 2.46 பிகோ எலெக்ட்ரான் வோல்ட்.

இரண்டுக்கும் நடுவேயுள்ள உயரம் சுமார் 19 மைக்ரோமீட்டர். அங்கிருந்து விழும் பந்து வினாடிக்கு 255 முறை குதிக்கும். நியூட்ரானின் மட்ட வித்தியாசத்தைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் 254. காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருக்கிற அதிர்வெண் இது. பூமி இழுக்க, நியூட்ரான் குதிக்க, குவாண்டம் இயக்கவியல் அதை இந்தச் சுருதியில் எண்ணுகிறது.

நிரல்காரி எழுதியது:

காகிதத்தில் எழுதியது: 1 நானோமீட்டரில் பிளவு 0.0019, தாழ்த்தியது அதில் இருபதில் ஒரு பங்குதான், ஆகவே பெரிதாக எதுவும் மாறாது. 2 நானோமீட்டரில் பிளவு 0.000019, தாழ்த்தியது அதைப்போல ஐந்து மடங்கு, ஆகவே முழுக்க வலப்பக்கம் சாயும்.

நிரல் சொன்னது: முதல் தடுப்பில் வலப்பக்க நிகழ்தகவு 52-க்கும் 53-க்கும் நடுவில். இரண்டாவதில் 99 சதவீதம்.

தெறிப்பு, உங்கள் நியூட்ரானுக்காக நிரலில் எலெக்ட்ரானின் நிறையை எடுத்துவிட்டேன். தளத்தில் ஏற முடியாத சுவர், மேலே ஈர்ப்பு, துண்டு 0.05 மைக்ரோமீட்டர். ஓடிக்கொண்டிருக்கிறது.